இழுவையில்லாமல் சுற்றிய கம்பி

அந்தப் பழைய ஜீப் கடைக்கு வந்த அன்று நடந்த பேச்சு சின்னுவுக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதுகூட அவளுக்கு மாறவில்லை.

முதலில் பேசியது சிவப்புத் தொப்பிக்காரர். மலைமேல் வேலை செய்கிறவர்களுக்கு மூட்டை முடிச்சுகளை ஏற்றிப் போகிறவர், அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தார். அண்ணி உள்ளே பெஞ்சில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“விஞ்ச் அக்காங்கிறது நீங்கதானா?”

“ஆமா. என்ன வண்டி, எங்க ஓடுது, எதை இழுக்கணும்? மூணையும் சொல்லுங்க,” என்றாள் அண்ணி, திரும்பாமலே.

“ஜீப்புதான். மழை வந்தா சேத்துல மாட்டிக்குது. வண்டியை இழுத்து வெளிய எடுக்க முன்னால விஞ்ச் இருக்கு, பழசு. புதுசு வாங்கலாமா, இதையே தேத்திக்கலாமான்னு கேக்க வந்தேன்.”

“எவ்வளவு இழுக்கும்னு அதுமேல எழுதியிருக்குமே.”

“எழுத்தெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சுக்கா.”

“புதுசு வாங்குனாலும் வண்டி எடையை மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க. உங்க சாமான், ஆளுங்க, சக்கரத்தைக் கவ்விக்கிட்டிருக்கிற சேறு, எல்லாத்தையும் சேர்த்துத்தான் அது இழுக்கணும். வெறும் வண்டியைப் போல ஒன்றரை மடங்காவது தாங்கணும்.”

பக்கத்துக் கொட்டகையிலிருந்து வெல்டிங் மாமா குரல் கொடுத்தார். “அவரோட தொப்பையையும் கணக்குல சேர்த்துக்கோம்மா. அதுக்கே தனியா ஒரு விஞ்ச் வேணும்.”

“மாமா, நெருப்பைப் பார்த்து வேலை செய்யுங்க. போன தடவை மாதிரி சட்டையைச் சுட்டுக்காதீங்க,” என்றாள் அண்ணி. பிறகு தொப்பிக்காரரிடம், “மோட்டார் ஓடுதா?” என்று கேட்டாள்.

“ஜம்முனு ஓடுது. நீங்களே கேளுங்களேன்.”

அவர் வெளியே போய் ரிமோட்டை அழுத்தினார். அடித்தொண்டையிலிருந்து ஏறிக்கொண்டே போகிற ஒரு முனகல் கேட்டது. நடுவில் ஏதோ விக்கிக்கொண்டதுபோல் ஒரு ‘டக்’. மறுபடியும் முனகல், மறுபடியும் விக்கல். அண்ணியின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. அவள் வண்டியைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியிருக்கவும் இல்லை.

“நிறுத்தச் சொல்லு சின்னு.”

“என்ன அண்ணி?”

“நிறுத்தச் சொல்லு. அது உங்க அண்ணன் வண்டி.”

சின்னு வெளியே ஓடினாள். அண்ணனின் ஜீப் பச்சை. இது சாம்பல் நிறம். ஆனால் கதவின் விளிம்பில் சாம்பல் உரிந்த இடத்தில் அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. முன் பம்பரில் விஞ்சைத் தாங்கும் இரும்புத் தகடு அண்ணி தன் கையால் துளைபோட்டது. அதில் ஒரு துளை கொஞ்சம் கோணலாகப் போய், அண்ணன் அதை வைத்தே ஒரு மாதம் அவளைக் கேலி செய்தான். அந்தக் கோணல் துளையும் அங்கேயே இருந்தது.

“இந்த வண்டியை எங்க வாங்குனீங்க?” என்று சின்னு கேட்டாள்.

“கை மாறி கை மாறி வந்ததும்மா. ஏன், ஏதாவது வில்லங்கமா?”

“அதெல்லாம் இல்லை.”

அதற்குள் அண்ணி வாசலுக்கு வந்துவிட்டாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, வண்டியின் பக்கம் பார்வையைக் கொண்டுபோகாமல் தொப்பிக்காரரின் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினாள்.

“கம்பிக் கயிறு போட்டிருக்கீங்க. அதை முழுசா வெளிய இழுத்திருக்கீங்களா?”

“எங்கக்கா, மேல் வரிசைக்குக் கீழ போனதே இல்லை. நான் வாங்குறப்பவே ஒட்டுப்போட்ட கம்பி. பயந்துக்கிட்டே ஓட்டுறேன்.”

“கம்பியை எடுத்துட்டு நைலான் கயிறு போட்டுத் தர்றேன். விஞ்ச் நல்ல விஞ்ச்தான், மாத்த வேண்டியதில்லை. விட்டுட்டுப் போங்க.”

பேச்சு அவ்வளவுதான். தொப்பிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணி பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். கழற்றிய திருகையே மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். சின்னு அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

அண்ணி இந்தத் தொழிலுக்குப் பிறந்தவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நூல் ஆலையில், கண்டுகளில் நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தாள். நூல் ஒரே இழுவையில் ஏற வேண்டும். தளர்ந்தால் மேல் வரிசை கீழ் வரிசைக்குள் புதைந்து, பிறகு தறியில் சிக்கி அறுந்து உயிரை வாங்கும். தூங்கிக்கொண்டே சுற்றினாலும் அவள் கண்டு தளராது என்று ஆலையில் பேர் வாங்கியவள். புகுந்த வீட்டுக்கு வந்ததும் கணவன் கடையில் விஞ்ச்சின் உருளையில் கம்பிக் கயிறு சுற்றுவதைப் பார்த்து, “இவ்வளவுதானா? நூல் தைக்கும், இது இழுக்கும். சுத்துறது ஒண்ணுதானே,” என்றாளாம். “அப்ப வந்து சுத்து பார்க்கலாம்,” என்று அவன் சவால் விட, அன்று கடைக்குள் காலடி வைத்தவள் பிறகு வெளியே போகவே இல்லை. அடுத்த வருடமே கம்பி சுற்றுவதில் அவனை மிஞ்சிவிட்டாள். “என் பொண்டாட்டி சுத்துனா மயிர் நுழையாது,” என்று வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வான்.

கம்பி சுற்றுவதில் அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு சரிவுப் பாதை. அதன் உச்சியில் ஒரு கான்கிரீட் தூண். கம்பியை முழுவதும் வெளியே இழுத்து அதன் கொக்கியைத் தூணில் மாட்டி, வண்டியைச் சரிவின் அடியில் நிறுத்துவார்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை லேசாக மிதித்துக்கொள்வார். மற்றவர் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு, தள்ளி நின்று, கம்பி வரிசை பிசகாமல் ஏறுகிறதா என்று பார்ப்பார். வண்டி தன்னைத் தானே சரிவில் இழுத்துக்கொண்டு மெல்ல ஏறும். அந்தக் கனத்தில் கம்பி உருளையில் இறுகிப் படியும். எப்போதும் இரண்டு பேர். அண்ணன் பிரேக்கில், அண்ணி ரிமோட்டில்.

ஒரே ஒரு நாள் தவறியது. மறுநாள் அண்ணன் மலைமேல் சிக்கிய இரண்டு லாரிகளை இழுக்கப் போவதாக இருந்தது. மழை விடாமல் பெய்கிறது, போக வேண்டாம் என்றாள் அண்ணி. போகத்தான் வேண்டும் என்றான் அவன். பேச்சு தடித்தது. அவன் வெளியே போய்விட்டான். எண்ணெய் தடவி வெளியே கிடந்த கம்பி அப்படியே கிடந்தது. அவன் வருவான் வருவான் என்று பார்த்துவிட்டு, கோபத்தில் அண்ணி ஒருத்தியாகவே ரிமோட்டை எடுத்தாள். தூணும் இல்லை, சரிவும் இல்லை, பிரேக்கில் ஆளும் இல்லை. சமதளத்தில் தரையில் கிடந்த கம்பியை இழுவையே இல்லாமல் சுற்றி முடித்தாள். அவன் திரும்பி வந்து, “சுத்தியாச்சா?” என்று கேட்டதற்கு, “ஆச்சு,” என்று ஒரே வார்த்தை சொன்னாள்.

இழுவையில்லாமல் சுற்றிய கம்பி பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். கனத்தை இழுக்கும்போதுதான் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். இறங்கிய இடம் நசுங்கும். மறுநாள் முதல் லாரி நல்லபடியாக வந்துவிட்டது. இரண்டாவதை இழுக்கும்போது கம்பி அறுந்து திரும்பி வந்து அண்ணனின் மார்பில் அடித்தது. மலையை விட்டு இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இழுக்கும் கம்பியின் மேல் ஈரச் சாக்கையோ கனத்த போர்வையையோ போட்டு வைத்தால், அறுந்தாலும் பாயாமல் தரையில் விழும். வருகிற ஆளையெல்லாம் நிற்கவைத்து அண்ணன் இதைச் சொல்வான். அன்று கொட்டுகிற மழையில் அவனுடைய சாக்கு ஜீப்பின் பின்னால் மடித்தபடி காய்ந்தே கிடந்தது என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். அந்த வண்டி கண்ணில் படவே கூடாது என்று அம்மா அடம்பிடித்ததால், வந்த விலைக்கு யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். அறுந்த முனையில் ஒரு கொக்கியை வைத்து கிளிப் போட்டு இறுக்கி அப்படியே விற்றார்கள் போலிருக்கிறது.

சமதளத்தில் அண்ணி தனியாகக் கம்பி சுற்றியதை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அண்ணி நினைத்துக்கொண்டிருந்தாள். சின்னு பார்த்திருந்தாள். அன்று அவள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு கொட்டகையின் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். பார்த்ததற்கு அப்போது ஒரு அர்த்தமும் இல்லை. படிப்பு முடிந்து, கடைக்கு வந்து, பிரேக்கில் உட்காரப் பழகிய பிறகு ஒருநாள், சரிவில் வண்டி ஏறிக்கொண்டிருக்கும்போதே அந்த அர்த்தம் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. அன்று பிரேக்கிலிருந்து கால் நழுவி அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். என்ன யோசனை என்று அண்ணி கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

அதற்குப் பிறகும் அவர்கள் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். காலையில் ஒன்றாகக் கடை திறந்தார்கள். அண்ணி கம்பிக் கயிற்றை அறவே விட்டுவிட்டாள். எவர் வந்து கேட்டாலும், “கம்பி இல்லை, நைலான்தான். வேணும்னா வேற கடை பாருங்க,” என்பாள். வெளியே இழுவை வேலைக்குப் போவதில்லை. வீட்டில் மிக்ஸி ஓடும்போது பேச்சை நிறுத்திவிடுவாள். மேல்வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டால் கையிலிருக்கும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அது நிற்கும்வரை சுவரைப் பார்ப்பாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று சின்னுவுக்குத் தெரியும். அந்த விக்கலுக்காக. அது வராது. வராமல் இருப்பதையும் அவளால் தாங்க முடியவில்லை. அம்மா அந்த நேரங்களில் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல், “சாப்பிடும்மா, ஆறிடப் போகுது,” என்பாள்.

தொப்பிக்காரர் விட்டுப்போன ஜீப் பின்முற்றத்தில் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. அண்ணி அதைச் சுற்றி வருவாள், தொடமாட்டாள். கடைக்கு வருகிறவர்கள், “அது யாரு வண்டி?” என்று கேட்டால், “நிக்குது,” என்பாள்.

வெல்டிங் மாமாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு மத்தியானம் டீயை நீட்டிக்கொண்டே, “ஏம்மா, அதைத் திருப்பி அனுப்பிடேன். கம்பி அறுந்துபோறதுக்கு நூறு காரணம் இருக்கும். இத்தனை நாளைக்கு அப்புறம் அதைக் கிளறி என்ன ஆகப்போகுது?” என்றார்.

“நூறு காரணம் இருக்கட்டும் மாமா. எனக்கு ஒண்ணே ஒண்ணைத்தான் பார்க்கணும்,” என்றாள் அண்ணி.

“பார்த்து?”

“தெரிஞ்சுக்கணும். இல்லேன்னா இல்லைன்னு தெரிஞ்சுக்கணும். ரெண்டுல ஒண்ணு.”

அவர் தன் டீயைக் குடித்துவிட்டு, அவளுடையதையும் எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.

சின்னுவுக்கு அந்த நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. கம்பியின் அடி வரிசைகள் ஒழுங்காக இருந்துவிட்டால் எல்லாருக்கும் விடுதலை. நசுங்கியிருந்தால்? அதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, அதே அண்ணியின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதுவரை அவளுக்குத் தெரிந்திருந்தது வெறும் ஊகம். ஊகத்தோடு ஒரு வீட்டில் இருந்துவிடலாம்.

ஒரு காலையில் அண்ணியே தார்ப்பாயை உருவி எறிந்தாள். கையுறையைச் சின்னுவிடம் நீட்டினாள்.

“நீ பிரி. நான் போல்ட்டைக் கழுவுறேன்.”

ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முன்னால் ஒரு தட்டில் மண்ணெண்ணெய், அதில் துருப்பிடித்த போல்ட்டுகள், கையில் ஒரு பழைய பல்துலக்கி.

சின்னு கிளட்ச் நெம்புகோலைத் திருப்பி உருளையை விடுவித்தாள். கொக்கியைப் பிடித்துப் பின்னால் நடந்தாள். மேல் வரிசை சுலபமாக வந்தது. உருளை சடசடவென்று சுழன்றது. அடுத்த வரிசை தொடங்கியதும் கம்பி நின்றுவிட்டது. இழுத்தாள். வரவில்லை.

“மாட்டிக்கிச்சா?” என்றாள் அண்ணி, திரும்பாமல். பல்துலக்கியின் சத்தம் நின்றிருந்தது.

சின்னு கொக்கியைத் தூணில் மாட்டிவிட்டு ஜீப்பில் ஏறி, மெதுவாகப் பின்னால் விட்டாள். கம்பி விறைத்தது. பிறகு தகரத்தைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தத்தோடு விடுபட்டது. இறங்கி வந்து பார்த்தாள். மேல் சுற்று புதைந்து கிடந்த இடத்தில், கீழே இருந்த சுற்றுகள் சம்மட்டியால் தட்டியதுபோல் தட்டையாகிக் கிடந்தன. வெளியே சாம்பல் நிறத்தில் இருந்த கம்பி அந்த இடங்களில் செங்கல் நிறத்தில் துருவேறியிருந்தது. நேற்றைய காயம் இல்லை அது. புதிய சொந்தக்காரர் இந்த ஆழத்துக்கு வந்ததே இல்லை.

“சொல்லு,” என்றாள் அண்ணி.

“நசுங்கியிருக்கு அண்ணி.”

“ஒரு இடத்துலயா?”

“அடி வரிசை முழுக்க.”

“முனையில பாரு. கிளிப்பைக் கழட்டிட்டுப் பாரு.”

கிளிப்பின் மறைகளில் துரு இறுகியிருந்தது. கழற்ற வெகுநேரம் ஆனது. அண்ணி அவசரப்படுத்தவில்லை. உள்ளே அறுந்த முனை இருந்தது. சில இழைகள் இழுபட்டு நீண்டு கூராக முடிந்திருந்தன. மற்றவை தட்டையாகி, பக்கவாட்டில் வெட்டுப்பட்டதுபோல் நின்றிருந்தன.

“முனையிலயும்தான்,” என்றாள் சின்னு.

பல்துலக்கி மறுபடி ஓடத் தொடங்கியது. அண்ணி அந்த போல்ட்டைக் கழுவி முடித்து, துடைத்து, துணியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“நீங்க தனியா சுத்துனது எனக்குத் தெரியும் அண்ணி,” என்றாள் சின்னு. “பின்படியில உட்கார்ந்திருந்தேன்.”

“எனக்குத் தெரியும்னு உனக்கு எப்பத் தெரியும்?” என்று தப்பும் தவறுமாக ஏதோ கேட்க ஆரம்பித்து, அண்ணி நிறுத்திக்கொண்டாள். பிறகு, “இத்தனை நாளா ஏன் கேக்கலை?” என்றாள்.

“கேட்டு என்ன பண்றது?”

சின்னுதான் மறுபடி பேசினாள். “அண்ணன் சாக்குப் போடலை அண்ணி. மழையில சாக்கு நனையாம கிடந்ததுன்னு எல்லாரும் சொன்னாங்க. போட்டிருந்தா...”

“அது அவரோடது,” என்றாள் அண்ணி. “இது என்னோடது.”

அன்றே வேலையை முடித்துவிடுவது என்று அண்ணி சொன்னாள். பழைய கம்பியைச் சுருட்டி வெல்டிங் மாமாவிடம் கொடுத்து, துண்டு துண்டாக வெட்டச் சொன்னாள். யாரும் எடுத்து மறுபடி பயன்படுத்திவிடக் கூடாது. கம்பி ஓடி ஓடி, அது வெளியே வரும் வாயில் இருந்த ரோலர்களில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. நைலானை அந்தப் பள்ளங்கள் அறுத்துவிடும் என்பதால், அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வழவழப்பான அலுமினிய வாயை மாட்டினாள். பம்பர் விளிம்பில் உரசிக்கொண்டிருந்த பேட்டரி வயருக்கு ரப்பர் குழாய் போட்டாள். பல்சக்கரப் பெட்டியைத் திறந்து, பழைய கிரீஸை வழித்துவிட்டு, ஒரு பல் தேய்ந்துபோயிருந்த சக்கரத்தைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புதியதைப் போட்டு மூடினாள்.

சரிவில் நைலானைச் சுற்றும்போது சின்னு பிரேக்கில் இருந்தாள். மோட்டார் முனகியது. விக்கவில்லை. ஊரிலிருக்கும் எல்லா விஞ்ச்களையும்போல் ஒரே சீராக முனகியது. ரிமோட்டைப் பிடித்தபடி அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றாள். கண்ணாடி வழியே அவள் முகத்தைப் பார்த்த சின்னு பிறகு பார்க்கவில்லை.

சாயங்காலம் தொப்பிக்காரர் வந்தார். அண்ணி அவருக்கு ஒன்றொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். “மாசத்துக்கு ஒரு தடவை கயிறை வெளிய எடுங்க. சேறு இருந்தா கழுவிக் காயவெச்சு, இழுவையோட சுத்துங்க. இழுக்குறப்ப எல்லாத்தையும் வெளிய விட்டுடாதீங்க, உருளையில பத்து சுத்தாவது இருக்கணும். எஞ்சினை ஓடவிட்டுட்டு இழுங்க, இல்லேன்னா பேட்டரி படுத்துக்கும். சும்மாவே வெச்சிருந்தா இதுக்கும் நம்மள மாதிரி மூட்டு பிடிச்சுக்கும். கயித்து மேல சாக்குப் போடுங்க.”

“நைலான் அறுந்தா பாயாதுன்னு சொல்வாங்களேக்கா?”

“கம்பி அளவுக்குப் பாயாது. இருந்தாலும் போடுங்க.”

வண்டி போன பிறகு இருவரும் கொட்டகையைப் பெருக்கினார்கள். வெல்டிங் மாமா வெட்டிப் போட்ட கம்பித் துண்டுகள் ஒரு சாக்கில் கிடந்தன. அண்ணி ஷட்டரைப் பாதி இறக்கினாள். அதன் கீழ் விளிம்பைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். சின்னு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தபோது வழிவிடவில்லை.

“வீட்டுக்குப் போலாம் அண்ணி. அம்மா பார்த்துக்கிட்டிருப்பாங்க.”

“அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்,” என்றாள் அண்ணி. “அவங்க அப்பவும் திட்டமாட்டாங்க. சாப்பிடும்மாதான் சொல்வாங்க. நீயும் இத்தனை வருஷம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கே. எல்லாரும் எனக்கு நல்லவங்களாவே இருந்துட்டீங்க.”

சின்னு பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“இங்க யாரும் இல்லை. மாமாவும் போயாச்சு,” என்றாள் அண்ணி. “ஒரே ஒரு தடவை, உங்க அண்ணனுக்காக, வாய்விட்டு என்னைத் திட்டிடு சின்னு.”